வைத்திக்குப்பத்தில் ஆலடிமுனை அம்மன்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லித்தருவது லேசுப்பட்ட வேலையில்லை. ராஜா, குதிரை, சண்டை என்றால் வாயைப் பிளந்து கேட்பார்கள். 'நம்ம வட்டாரம்' என்று தொடங்கினால் ஒருவன் பென்சில் சீவ எழுந்து போவான், இன்னொருத்திக்கு அப்போதுதான் ஒண்ணுக்கு வரும். முத்தியால்பேட்டைப் பள்ளிக்கூடத்து ஜானகிராமன் சார் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பின்சுவரில் பெரிய சார்ட் ஒன்றை ஒட்டினார். அதன் வலது ஓரத்தில் மேலிருந்து கீழ் வரைக்கும் நீலத்தில் கடலை வரைந்தார். கடலை ஒட்டி ஒரு சிவப்பு வட்டம் போட்டுப் புதுச்சேரி என்று எழுதினார்.

"உங்க குடும்பம் எந்த ஊர்லேர்ந்து இங்க வந்துச்சு, எதுக்கு வந்துச்சு, அந்த ஊரு சாமி பேரு என்னா. வீட்ல கேட்டுட்டு வாங்க" என்றார். 2009ஆம் வருஷம் அது. மாசிமகம் நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் சார்ட்டில் இடம் போதவில்லை. துர்காவின் தாத்தா மில் வேலைக்காக மயிலத்திலிருந்து வந்தவர். அருள்முருகன் வீட்டார் தீவனூர்ப் பக்கம். ஒருவனுடைய பாட்டனார் பிரெஞ்சுக்காரன் மிலிட்டரியில் சேர்வதற்காக ஊரைவிட்டு ஓடிவந்தவர். வானூர், திண்டிவனம், திருக்கனூர் என்று பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லோரும் முத்தியால்பேட்டைக்காரர்கள்தான், ஆனால் தோண்டிப்பார்த்தால் ஒருத்தர்கூட அந்த மண்ணில் முளைத்தவர் இல்லை. ஊர் என்பதே வந்து சேர்ந்தவர்களின் கூட்டம். முன்னால் வந்தவன் பின்னால் வந்தவனைப் பார்த்து, நீ எந்த ஊரு என்று கேட்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம். ஜானகிராமன் சார் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

கடைசி பெஞ்சில் இருந்த சுடர்விழியின் முறை வந்தது. எட்டு வயதுப் பெண், கொஞ்சம் ஒல்லி, இரட்டைச் சடையில் ஒன்று எப்போதும் மற்றதைவிட மேலே நிற்கும். அப்பா பின்னிவிடும் சடை அது.

"ஆலடிமுனை சார். முல்லைத்தீவுப் பக்கம்."

"சரி. எதுக்கு வந்தீங்க?"

மற்றவர்களெல்லாம் மில், ரயில்வே, மிலிட்டரி என்று ஒற்றை வார்த்தையில் சொன்னதால் அவளும் ஒரு வார்த்தையைத் தேடினாள். "சண்டை" என்றாள்.

"சார், இவங்க ஊர் சண்டைக்குத்தான் சார் அன்னைக்கு பந்த் வந்து நமக்கு லீவு வுட்டாங்க" என்றாள் துர்கா. குத்தலாகச் சொல்லவில்லை. நன்றியோடுதான் சொன்னாள்.

ஜானகிராமன் சார் சார்ட்டின் முன்னால் ஸ்கெட்ச் பேனாவோடு நின்றார். மேற்கே எழுத இடமிருந்தது. ஆனால் இந்த ஊர் கிழக்கே, கடலுக்கு அந்தப் பக்கம். சார்ட்டோ கடலோடு முடிந்துவிடுகிறது. அதற்குமேல் சுவர். கொஞ்சம் தயங்கிவிட்டு, நீலத்துக்குள்ளேயே ஆலடிமுனை என்று எழுதினார்.

"மீனுங்க ஊருடா" என்று ஒருவன் சொல்ல, வகுப்பு சிரித்தது. சுடர்விழியும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காவிட்டால் இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள் என்பது இரண்டு வருஷத்தில் அவள் படித்த பாடம்.

பிறகு சார் மாசிமகத்தைப் பற்றிச் சொன்னார். இந்தச் சார்ட்டில் இருக்கிற சாமிகளெல்லாம் அன்றைக்கு ஊரைவிட்டுக் கிளம்பி வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்து வரிசையாக நிற்கும், கடலில் தீர்த்தவாரி நடக்கும், பிறகு தங்கள் தங்கள் ஊருக்குத் திரும்பிப் போகும். மயிலம் முருகன், தீவனூர்ப் பிள்ளையார் என்று அவர் சாமிகளை எண்ணும்போதே மணி அடித்துவிட்டது.

"சார், எங்க சாமி?" என்று சுடர்விழி கேட்டாள்.

பையை எடுத்துக் கதவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தவர், "வரும் வரும். எல்லா ஊர் சாமியும் வரும், ஒன் சாமி மட்டும் வராமப் போய்டுமா?" என்று அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

நல்ல மனுஷர். அந்தச் சொல்லால் ஒரு பிள்ளையின் முகம் மலர்ந்ததைப் பார்த்துச் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போயிருப்பார். பெரியவர்கள் பிள்ளைகளிடம் சொல்லும் நல்ல வார்த்தைகளில் பாதி அந்த நேரத்தைக் கடத்துவதற்குச் சொல்லப்படுபவை. பிள்ளைகளுக்கு அது தெரிவதில்லை. அவர்கள் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

பள்ளிக்கூட வாசலில் துர்கா கூடுதலாக ஒரு விஷயம் சொன்னாள். "சாமி மட்டும் வராதுடி. சாமிகூடயே ஊர் ஆளுங்க எல்லாம் வருவாங்க. எங்க அத்தைக்கும் எங்கப்பாவுக்கும் சண்டை, வீட்டுக்கே வராது. ஆனா மாசிமகத்துக்கு எங்க சாமிகூட வந்துடும். நான் அங்கதான் பாப்பேன்."

சுடர்விழி அன்று வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினாள்.

வீடு என்பது சின்னப்பாப்பா என்கிற அம்மாளின் வீட்டு மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஒற்றை அறை. அப்பா தேவதாசும் அவளும் மட்டும். மன்னார்க் கரையில் ஒரு படகில் ஏறி, நடுவழியில் பையொன்றைக் கடலில் பறிகொடுத்து, ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒரு மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டு, முகாமில் கொஞ்ச காலம் கிடந்து, பெயின்ட் அடிக்கிற வேலைக்குக் கூப்பிட்ட ஒருவர் பின்னால் புதுச்சேரிக்கு வந்தவர்கள். அம்மா கமலவேணி வரவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த தன் தாயை விட்டுவிட்டு வர அவளால் முடியவில்லை. "நீங்கள் பிள்ளையைக் கொண்டு முன்னால போங்கோ. நான் பின்னால வாறன்" என்று சொல்லி அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவாள். தீபாவளிக்குப் பிறகு போன் வரவில்லை. அப்பா தினமும் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். ரேடியோவைக் காதோடு ஒட்டிக் கேட்பார், இவள் பக்கத்தில் வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுவார். கேட்டால் ஒரே பதில்தான். "அம்மா வருவா."

சுடர்விழிக்கு இரண்டு பேச்சு இருந்தது. வாசலுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. வந்த புதிதில் உள்ளே பேசுகிற பேச்சைப் பள்ளிக்கூடத்தில் பேசியதும், "இன்னொரு தபா சொல்லு, இன்னொரு தபா சொல்லு" என்று பாட்டுக் கேட்பதுபோல் சுற்றி நின்று கேட்டார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. தங்கள் டிபன் டப்பாவிலிருந்து அவளுக்கு எடுத்துக்கூடக் கொடுத்தார்கள். ஆனால் பள்ளிக்கூடம் விட்டதும் யாரும் அவளைத் தங்கள் வீட்டுக்கு வா என்று கூப்பிடவில்லை. மாலையில் அப்பா வரும்வரை மாடிப்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தனிமை என்ற வார்த்தை அவளுக்குத் தெரியாது. அந்த மாடிப்படியைத் தெரியும்.

அப்பாவிடம்கூடச் சொல்லாத ஒரு பயம் அவளுக்கு இருந்தது. அம்மாவின் முகம் மறந்துகொண்டே வந்தது. படங்களெல்லாம் கடலில் போன பையோடு போய்விட்டன. கண்ணை மூடிப் பார்த்தால் அம்மாவின் கை வரும், சேலையின் பச்சை நிறம் வரும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் வராது. நாளைக்கு அம்மாவே எதிரில் வந்து நின்றாலும் அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று பயந்தாள்.

ஆனால் அம்மன் நன்றாக ஞாபகம் இருந்தது. ஆலடிமுனையை விட்டு எல்லோரும் முதல்முறை இடம்பெயர்ந்த நாளில், கோயிலில் இருந்த சின்ன அம்மனையும் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினார்கள். டிராக்டர் பெட்டியில் சட்டி, பாய், கோழி, மனிதர்கள் எல்லாம் ஒன்றாக ஏறினார்கள். பழைய சேலையில் சுற்றிய அம்மனை அம்மா மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு மடி வேணும்" என்று சுடர்விழி அழுதாள். "அம்மனை இறக்கி வைக்கேலாது குஞ்சு, நீ பக்கத்தில இரு" என்று அம்மா சொன்னாள். வழியெல்லாம் அம்மன்மேல் அவளுக்குக் கோபம். சேலை விலகிய இடத்தில் தெரிந்த கறுத்த முகத்தையும், நசுங்கிப்போயிருந்த வலது கைவிரலையும் முறைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். அதனால் அந்த முகம் மறக்கவில்லை.

இப்போது கணக்கு நேராக வந்துவிட்டது. சனம் எங்கே போனாலும் அம்மன் கூடப் போகும். அம்மன் அம்மாவின் மடியில் இருக்கும். எல்லா ஊர்ச் சாமியும் மாசிமகத்துக்கு வைத்திக்குப்பம் வரும் என்று சாரே சொல்லிவிட்டார். அம்மனைக் கண்டுபிடித்தால் போதும். அதைத் தூக்கி வைத்திருப்பவள் அம்மா.

"அப்பா, மாசிமகத்துக்குக் கடலுக்குப் போவமா?" என்று அன்றிரவு கேட்டாள்.

"அண்டைக்கு வேலை இருக்கம்மா. கருவடிக்குப்பத்தில ஒரு வீடு முடிச்சுக் குடுக்கோணும்."

கடல் அவர்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். வந்த நாளிலிருந்து அப்பா ஒருமுறைகூட அவளை அங்கே கூட்டிப் போனதில்லை. கூட்டம் இருக்கிற இடம், சிவப்புத் தொப்பிப் போலீஸ் நிற்கிற இடம், இரண்டும் அவருக்கு ஆகாது.

"எங்கட அம்மனும் வருமாம் அப்பா. சார் சொன்னவர்."

அப்பாவின் காது ரேடியோவில் இருந்தது. "ஓம்" என்றார். ஆக, இரண்டு பெரியவர்கள் சொல்லியாகிவிட்டது.

மாசிமகத்தன்று காலையில் அப்பா அவளுக்குச் சோறு எடுத்து வைத்துவிட்டு, "கீழ சின்னப்பாப்பா அம்மாவோட இரு, வெளியில போகாத" என்று சொல்லி வேலைக்குப் போனார். சின்னப்பாப்பா குளிக்கப் போன நேரத்தில் சுடர்விழி கிளம்பினாள். வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. தெருவே கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. மேளம், டிராக்டர், பலூன்காரன், தோளில் பிள்ளையைச் சுமந்த அப்பாக்கள். அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்ததும் யாரோ ஒருவருடைய பிள்ளைபோல அவளும் ஆகிவிட்டாள்.

வைத்திக்குப்பம் மணலில் படகுகளை ஓரம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். சாமிகள் கடலைப் பார்த்து வரிசையாக நின்றிருந்தன. பல்லக்கில் ஒன்று, லாரியில் ஒன்று, டிராக்டரில் ஒன்று. அவற்றின் மேல் இருந்த மாலைகளுக்குள் முகத்தைத் தேடுவதே பெரும்பாடாக இருந்தது. சுடர்விழி ஒரு கோடியிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு சாமியின் முன்னாலும் நின்று, குதிகாலைத் தூக்கி, முதலில் முகத்தைப் பார்த்தாள், பிறகு வலது கையைப் பார்த்தாள், பிறகு சுற்றி நிற்கிற பெண்களைப் பார்த்தாள்.

"இது எந்த ஊர் சாமி?" என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்டாள். ஒவ்வோர் இடத்திலும் ஊர்ப் பெயரோடு ஏதாவது சாப்பிடவும் கொடுத்தார்கள். சுண்டல், புளியோதரை, பானகம், மோர். கை நிறைந்துபோய், வேண்டாம் என்று சொல்லவும் கூச்சமாகி, சுண்டலைப் பாவாடையில் கட்டிக்கொண்டாள். ஒரு டிராக்டருக்குப் பக்கத்தில் துர்கா தன் அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். சுடர்விழி கையைத் தூக்கினாள். துர்கா பார்க்கவில்லை. அத்தையிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வரிசை முடிந்துவிட்டது. அம்மன்கள் நிறைய இருந்தன. ஆலடிமுனை அம்மன் இல்லை.

படகுக்குக் கீழே நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு மீன்காரரிடம் போனாள். தாங்கள் வந்தது படகில் என்பதால் அம்மனும் படகில்தான் வரும் என்று அவளுக்குத் தோன்றியது.

"படகுல ஏதாச்சும் சாமி வந்துச்சா?"

"படகுலயா? சாமிங்க எல்லாம் டிராக்டர்லதான் வரும் பாப்பா."

"இன்னும் வர வேண்டிய சாமி இருக்கா?"

"வந்த சாமியே நிக்க எடம் இல்ல" என்று அவர் சிரித்தார்.

தண்ணீர் ஓரத்தில் வேறொரு வரிசை இருந்தது. சட்டையில்லாத ஆண்கள் ஈர வேட்டியோடு மணலில் உட்கார்ந்திருக்க, எதிரில் ஐயர் ஒருவர் குடையின்கீழ் இருந்தார். "அம்மா பேரு சொல்லுங்கோ" என்று அவர் கேட்பதும், எதிரில் இருந்தவர் "செல்வாம்பாள்" என்று சொல்வதும் சுடர்விழிக்குக் கேட்டது. அடுத்தவரிடமும் அதையே கேட்டார். அவரும் சொன்னார். எள்ளும் தண்ணீரும் விட்டார்கள். அம்மாவின் பெயரைக் கேட்கிற ஓரிடம் இந்தக் கடற்கரையிலேயே இருக்கிறது என்று தெரிந்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. வரிசையில் ஓர் இடம் காலியானபோது போய் உட்கார்ந்தாள்.

ஐயர் தலை நிமிராமலேயே, "அம்மா பேரு?" என்றார்.

"கமலவேணி. ஆலடிமுனை."

குரலைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தார். "அப்பா எங்கம்மா? நீ எதுக்கு உட்கார்ந்திருக்கே? அம்மா தவறிட்டாளா?"

"இல்ல. வருவாங்க."

அவருடைய கை சட்டென்று எள்ளுக் கிண்ணத்திலிருந்து பின்வாங்கியது. "அபச்சாரம். இங்கே அந்தப் பேரைச் சொல்லப்படாதும்மா. இது போய்ச் சேர்ந்தவாளுக்கு. இருக்கிறவாளைக் கூப்பிடணும்னா அதோ பார், மைக் கட்டியிருக்கே, அங்கே போ" என்று சொல்லி, அவள் எழுந்து போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

மைக் பந்தல் கொஞ்சம் மேட்டில் இருந்தது. உள்ளே ஒரு நீள பெஞ்சு, அதில் காணாமல் போன பிள்ளைகள். சிலர் அழுதார்கள், சிலர் பிஸ்கட் தின்றார்கள். பக்கத்தில் சிவப்புத் தொப்பியோடு வயதான போலீஸ்காரர் ஒருவர் நின்றார். மைக்கைப் பிடித்திருந்தவர் வடிவேல், குப்பத்து ஆள். வருஷா வருஷம் அவருடைய குரல்தான். தன் குரல்மேல் அவருக்கு அசாத்தியமான ஆசை.

"பச்சை டிராயர் போட்ட ஒரு தம்பி இங்க இருக்காரு. பேரு கேட்டா தம்பிங்கறாரு, அம்மா பேரு கேட்டா அம்மாங்கறாரு. இதுக்கு மேல எங்களால முடியாது. தம்பியோட அம்மா சீக்கிரம் வரவும்" என்று அவர் சொல்ல, கடற்கரையே சிரித்தது. உடனே ஒரு பெண் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிவந்து, தம்பி முதுகில் ஒன்று வைத்து, பிறகு கட்டிப்பிடித்து அழுதாள். சுடர்விழி அதை நன்றாகப் பார்த்தாள். கூப்பிட்டால் வருகிறார்கள்.

சிவப்புத் தொப்பிக்குப் பயந்துகொண்டே முன்னால் போனாள். "எங்க அம்மாவைக் கூப்பிடணும்" என்றாள்.

"பேரு என்னா பாப்பா?"

"கமலவேணி. ஆலடிமுனை. முல்லைத்தீவுப் பக்கம். என் பேரு சுடர்விழி."

"பரவால்லியே. இவ்ளோ வெவரமா பேசற பொண்ணு எப்படித் தொலைஞ்ச?"

"நான் தொலையல. அம்மாதான்."

அந்த இரைச்சலில் வடிவேலுக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. ஊர்ப் பெயரும் அவர் கேள்விப்படாத ஏதோ ஒரு கிராமத்தின் பெயர் போலவே இருந்தது. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கணீரென்று கூப்பிட்டார்.

"ஆலடிமுனையைச் சேர்ந்த கமலவேணி அவர்கள் எங்கிருந்தாலும் மைக் பந்தலுக்கு வரவும். உங்க பொண்ணு சுடர்விழி இங்க காத்துக்கிட்டிருக்கா."

ஒரு குழாய் ஊரைப் பார்த்தும் ஒரு குழாய் கடலைப் பார்த்தும் கட்டியிருந்தது. அம்மாவின் பெயர் கடற்கரை முழுக்கக் கேட்டது. இந்த ஊரில் அந்தப் பெயரை இவ்வளவு சத்தமாக யாரும் சொன்னதில்லை. அப்பாகூட மெதுவாகத்தான் சொல்வார். சுடர்விழி பாவாடையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, சடையைச் சரிசெய்துகொண்டு, பெஞ்சின் ஓரத்தில் நேராக உட்கார்ந்தாள். பந்தலைப் பார்த்து வருகிற ஒவ்வொரு பெண்ணையும் பார்த்தாள். மூக்குத்தி போட்ட ஒருத்தி வேகமாக வந்தாள். இவள் எழுந்து நின்றுவிட்டாள். அந்தப் பெண் பெஞ்சின் மறுகோடிக்குப் போய் வேறொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

வடிவேல் மறுபடி கூப்பிட்டார். சாவிக்கொத்து ஒன்று, ஒற்றைச் செருப்பு ஒன்று, நடுவே கமலவேணி. வெயில் சாய ஆரம்பித்ததும் அவருக்கே பொறுமை போய்விட்டது. "யம்மா கமலவேணி, பெத்த புள்ளைய வுட்டுட்டு எங்கம்மா வேடிக்கை பாத்துட்டிருக்க? கொஞ்சமாச்சும் பொறுப்பு வேணாமா?" என்று மைக்கிலேயே திட்டினார். சுடர்விழிக்குத் தாங்கவில்லை. "எங்கம்மாவைப் பேசாதீங்கோ" என்றாள். வாசலுக்கு உள்ளே பேசுகிற பேச்சு வெளியே வந்துவிட்டது. அதைக் கேட்டுத்தான் போலீஸ்காரர் திரும்பி அவளை முதல்முறையாக உற்றுப் பார்த்தார்.

அப்போதுதான் அப்பா வந்தார். கையெல்லாம் பெயின்ட், சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. மத்தியானம் சோறு தின்ன வீட்டுக்கு வந்தவர், பிள்ளையைக் காணாமல் தெருத்தெருவாகத் தேடி, பிறகு கடலுக்கு வந்திருக்கிறார். மணலில் பாதி தூரம் வரும்போதே தன் மனைவியைப் பெயர் சொல்லி ஊர் கேட்கத் திட்டுவது அவர் காதில் விழுந்திருக்கிறது. போலீஸ் நிற்கிறது என்பதைக்கூடப் பார்க்காமல் நேராக உள்ளே வந்து, பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"நீங்கதான் அப்பாவா? அந்தம்மா எங்க? எத்தினி தபா கூப்புடறது?" என்று வடிவேல் சண்டைக்கு வந்தார்.

"அவ இஞ்ச இல்ல அண்ணே. நாங்கள் சிலோன். அவ அங்க வன்னியில. நாலு மாசமாத் தொடர்பே இல்ல."

வடிவேலின் கை தானாகவே மைக்கைப் பொத்திக்கொண்டது.

அப்பா மணலில் மண்டியிட்டு உட்கார்ந்தார். "ஏனம்மா இஞ்ச வந்தனீ?"

"எங்கட அம்மன் வருமெண்டு சார் சொன்னவர். நீங்களும் ஓம் எண்டனீங்கள். அம்மன் வந்தால் அம்மாவும் வருவா எண்டு நினைச்சன்." அவளுக்கு அழுகை முட்டியது. "எனக்கு அம்மாண்ட முகம் மறந்துபோச்சு அப்பா. அம்மன்ட முகம்தான் ஞாபகம் இருக்கு."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "வருவா" என்கிற அந்தச் சொல்தான் வழக்கம்போல முன்னால் வந்து நின்றிருக்கும். அதைச் சொல்லவில்லை.

"அம்மா எங்கயெண்டு அப்பாவுக்குத் தெரியாதம்மா" என்றார். "உயிரோட இருக்கிறாவோ எண்டும் தெரியாது. இவ்வளவு நாளும் உனக்குப் பொய்தான் சொன்னனான்."

சுடர்விழி அவருடைய முகத்தைப் பார்த்தாள். அப்பாவுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்பதே அவளுக்குப் புதிது. பயமாக இருந்தது. கூடவே, இத்தனை நாள் மாடிப்படியில் தான் மட்டும் காத்திருக்கவில்லை, இவரும் எங்கோ ஒரு சுவருக்கு முன்னால் பெயின்ட் அடித்துக்கொண்டே காத்திருந்தார் என்பதும் புரிந்தது. அவருடைய சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "தப்பா எடுத்துக்காதப்பா. அங்க நடக்கறத நானும் பேப்பர்ல பாக்கறேன். நாலு மாசம்ன்ற. நாளும் நல்ல நாளு. ஐயரு அங்கதான் இருக்காரு. எதுக்கும் ஒரு கை எள்ளுத் தண்ணி வுட்டுட்டுப் போயேன், மனசுக்கு ஆறுதலா இருக்கும்" என்றார்.

அப்பா தண்ணீர் ஓரத்தைப் பார்த்தார். குடையின்கீழ் ஐயர் இன்னும் இருந்தார். எதிரில் ஓர் இடம் காலியாகவும் இருந்தது. அங்கே போய் உட்கார்ந்து பெயரைச் சொல்லிவிட்டால் காத்திருப்பது முடிந்துவிடும். சுடர்விழி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எந்தப் பக்கம் திரும்புவார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்பா வடிவேலிடம் திரும்பினார்.

"அண்ணே, இன்னொருக்காக் கூப்பிடுங்கோ."

வடிவேல் போலீஸ்காரரைப் பார்த்தார். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். வடிவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு, மைக்கை எடுத்தார். இந்தமுறை அவருடைய குரலில் அலட்டல் இல்லை, வீட்டு வாசலில் நின்று ஒருவரைக் கூப்பிடுகிற குரலாக இருந்தது.

"ஆலடிமுனை கமலவேணி அம்மா. நீங்க எங்க இருந்தாலும் வாங்க. உங்க வீட்டுக்காரரும் உங்க பொண்ணும் இங்க உக்காந்திருக்காங்க."

பெஞ்சில் இன்னும் சில பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களை நகரச் சொல்லி இடம் பண்ணிக்கொண்டு, பெயின்ட் கையை மடியில் வைத்து, அப்பாவும் அங்கேயே உட்கார்ந்தார். சுடர்விழி அவரை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, பாவாடையில் கட்டியிருந்த சுண்டலை அவிழ்த்து அவர் கையில் கொஞ்சம் வைத்தாள். கடலில் தீர்த்தவாரி முடிந்து சாமிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. அம்மாக்கள் வந்து வந்து தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் பெஞ்சில் இவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். வடிவேல் குழாய்களை இறக்காமல், ஒயரைச் சுற்றாமல், கையில் மைக்கோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.